சுவருக்கு மூச்சு முட்டுகிறதாம்

அன்புள்ள மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கு அக்கா நலம், சுவர் அதைவிட நலம். நான் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சோபா மொட்டைமாடியில் வெயில் காய்கிறது.

மாடிக்கு ஏறினால் அக்கா ஐந்தாவது படியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று, காற்றைச் சுத்தம் செய்யும் பெயிண்ட் ஒரு டப்பா உங்கள் கடையிலிருந்து அனுப்பினீர்கள். நல்ல மனசு. பெயிண்டரும் கூடத்துச் சுவருக்கு அடித்துவிட்டுப் போனார். அதோடு விட்டிருக்கலாம், "சுவரை மறைக்காதேக்கா, வெளிச்சம் படணும்" என்று போனில் வேறு சொல்லிவைத்தீர்கள், அன்று தொடங்கியது என் வனவாசம். முதலில் போனது என் பீரோ, இருபது வருடம் சேர்த்த வாரப் பத்திரிகைகளோடு. "சுவருக்கு மூச்சு முட்டுதுங்க" என்றாள். அப்புறம் சோபா, அப்புறம் கம்பளம், அந்தத் தூசியெல்லாம் சுவருக்குக் கூடுதல் வேலையாம், "பாவம், அதுவும் எவ்வளவுதான் செய்யும்?" என்கிறாள். திரைச்சீலையும் கழன்றது. இப்போது நான் சாப்பிடுவதை எதிர் பஸ் நிறுத்தமே பார்க்கிறது, நேற்று ஒருவர் ஜன்னல் வழியாக, "என்ன சார், இன்னிக்கு லேட்டு?" என்று விசாரித்தார். "சுவர் என்ன, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று அவளிடம் கத்திவிட்டேன். "சும்மா உக்காந்திருக்கறது நீங்க. அது நின்னுக்கிட்டே வேலை பாக்குது" என்றாள். ரிட்டையரானவனிடம் சொல்லும் பேச்சா இது?

இரைப்பு குறைந்தது என்னவோ உண்மைதான். அதற்காக நான் தெருவில் குடியிருக்க வேண்டுமா? சுவரை மறைத்தாலும் பரவாயில்லை என்று உடனே அவளுக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். இல்லாவிட்டால் நானே சுரண்டிவிடுவேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நீடூழி வாழ்க. உங்கள் சுவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சோபா இழந்த அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் பெயிண்டர், விட்டுப்போன ஏணியை எடுக்க வந்தார். மாடிப்படிக்குக் கீழே, ஏணிக்குப் பின்னால் உங்கள் டப்பா, மூடிகூடத் திறக்காமல்! "ஒண்ணு பத்தாதுன்னு சாதா வெள்ளையையே அடிச்சுட்டேன் சார். சொல்ல மறந்துட்டேன்" என்கிறார். அப்படியானால் இத்தனை வருடம் அவளை இரைக்கவைத்தது என் பீரோவிலும் சோபாவிலும் இருந்த தூசிதான். வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். "பத்து வருஷத்துக்குச் சுவரை மறைக்காதே" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டப்பாவை ஒளித்துவைக்க வீட்டில் ஒரு பீரோகூட இல்லை, அதனால் பார்சலில் உங்களுக்கே அனுப்புகிறேன். இப்போதுதான் உங்கள் அக்கா காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள். ஐந்தாவது படியில் நிற்கவே இல்லை, பாடிக்கொண்டே ஏறிவிட்டாள்.