ப்ராசஸருக்கு ஐஸ் வைத்த கதை

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. இது வியாதி என்று வீட்டில் சொல்வார்கள். நான் அப்போது அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பி.காம். முடித்துவிட்டு மரக்காணத்தில் வீட்டோடு இருந்த காலம். ஆரோவில் பக்கம் ஓர் ஆர்க்கிடெக்டிடம் வேலை பார்த்த அக்கா, வீட்டிலிருந்தே தனியாக பிளான் போட ஆரம்பித்திருந்தாள். முதல் வாடிக்கையாளர் எங்கள் ஊர் உப்பள முதலாளி. அவர் கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்துபோவது போல ஒரு வீடியோ செய்திருந்தாள். அன்று மாலை நான்கு மணிக்கு அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் வேலை அக்காவுக்கு. இல்லையென்றால் பாண்டிச்சேரி ஆர்க்கிடெக்ட் ஒருவர் தயாராக இருந்தார்.

காலை எட்டு மணிக்கு அக்கா பட்டனைத் தட்டினாள். வீடியோ தயாராக ஒன்பது மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். அதாவது மாலை ஐந்து. (“ஆறு மணிக்கு வாங்க சார்” என்று ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. எனக்குத் தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.)

“ஓவர்கிளாக் பண்ணிட்டா நாலு மணிக்குள்ள முடிஞ்சிடும்க்கா.”

“அப்படின்னா?”

“ப்ராசஸரை அது ஓடுற வேகத்தைவிட வேகமா ஓட வைக்கிறது.”

“இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கியா?”

“நிறைய பார்த்திருக்கேன்.” (வீடியோவில்.)

கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போய் வேகத்தை ஏற்றினேன். வோல்டேஜையும் தாராளமாக ஏற்றினேன். மறுபடி ஓடவிட்டதும் ஏழரை மணி நேரம் என்று காட்டியது. (அந்த ஏழரையைப் பார்த்தாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.)

மதிய வெயில் ஏற ஏற, உள்ளிருந்த ஃபேன் அலறத் தொடங்கியது. “மிக்ஸியை எவன்டா போட்டுட்டு வந்தது?” என்று அம்மா எட்டிப் பார்த்தார். சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி. இன்னும் கொஞ்சம் ஏறினால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும்.

கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். அப்பா மீன் வியாபாரி. அவருடைய பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி ஒரு குண்டானில் போட்டு கேபினட் முன்னால் வைத்தேன். பின்னால் டேபிள் ஃபேன். ஆறு டிகிரி குறைந்தது! அந்தப் பூரிப்பில், ஐஸில் உப்பைக் கலந்தால் இன்னும் குளிரும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? கொல்லையிலிருந்து மூட்டையையே இழுத்து வந்து இரண்டு கை அள்ளிப் போட்டு, ஃபேனை மூன்றில் வைத்தேன். ஃபேன் குளிரை மட்டும் தள்ளவில்லை, உருகிய உப்புத் தண்ணீரையும் பூவாளி மாதிரி தெளித்தது.

தொண்ணூற்று நான்கு சதவீதம் முடிந்தபோது ‘டப்’ என்றது. திரை கறுத்தது.

அந்த நேரம் பார்த்து, அரை மணி முன்னதாகவே முதலாளி வந்து நின்றார். திறந்த கேபினட், உப்பு மூட்டை, மீன் செதில் மிதக்கும் ஐஸ், காற்று வாங்கும் மதர்போர்டு. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

“என்னம்மா, கம்ப்யூட்டரைக் கருவாடு போடுறீங்களா?”

அவர் மனைவி சிரித்தார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அதுவரை எல்லாம் எனக்கு விளையாட்டாகவே இருந்தது. அவசரமாகப் போய் டேபிள் ஃபேனை அணைத்தேன்.

“சாரிக்கா...”

“வாயை மூடிட்டு டேப்பைப் பிடி,” என்றாள்.

மூட்டையைப் பக்கத்துக் காலி மனைக்கு இழுத்துப் போனாள். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அவள் உப்பைக் கோடாகக் கொட்டிக்கொண்டே போனாள். அரை மணியில் முழு அளவில் ஒரு வீடு தரையில் படுத்திருந்தது.

“வாங்க சார், இதான் வாசல். இது ஹால்.”

முதலாளியின் மனைவி சமையலறைக்குள் நின்று கையை விரித்துப் பார்த்தார். “ஃப்ரிட்ஜ் வெச்சா நான் எங்கம்மா நிக்கறது?”

அக்கா காலால் கோட்டை அழித்து, இரண்டடி தள்ளிப் புதுக்கோடு போட்டாள். அந்த அம்மாள் மறுபடி கையை விரித்து ஒரு சுற்று சுற்றினார். “ஏங்க, இந்தப் பொண்ணே கட்டட்டும்.”

அந்த வீடு இன்றும் ஈ.சி.ஆர். பக்கம் பளிச்சென்று நிற்கிறது. மதர்போர்டு மட்டும் பச்சை பூத்துப் போய்விட்டது.

என் நிச்சயதார்த்தத்தில் மாமனார், “மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலைன்னாங்களே, அதுல என்ன பண்றாருங்க?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்: “கருவாடு போடுவாரு.”

என் மனைவி அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் எழுந்து சமையலறைக்குப் போய், உப்பு ஜாடியை எடுத்து எனக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டு வருகிறாள்.