பிலோமினா கல்யாணத்தில் நான் அடித்த மணி

எதையும் திட்டம் போட்டுக் கச்சிதமாகச் செய்கிறவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூருக்கு நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. வயது இருபத்து மூன்று. மிட்டாய் பற்றாக்குறை இல்லாமல் இரண்டு சுதந்திர தின விழாக்களை நடத்தி முடித்திருந்தேன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த விழாவையும் நடத்திவிடலாம் என்று நினைத்தேன். (மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொன்னபடி உட்காரும், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் உட்கார மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.)

என்னோடு வேலை பார்த்த பிலோமினாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அந்தோணிக்குச் செங்கல்பட்டு. கல்யாணத்தை அங்கே பெரிய கோயிலில் வைக்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் அப்பாவுடைய கட்சி. பிலோவுக்கோ தன் ஊர் மாதா கோயிலில்தான் தாலி ஏற வேண்டும். அவளுடைய ஆறாம் வயதில் இறந்துபோன அம்மாவுக்கு அங்கேதான் கல்யாணம் நடந்ததாம். அதற்கு மேல் அவளிடம் யார் என்ன பேச முடியும்?

அந்த மாதா கோயில் ரொம்பச் சின்னது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கட்டியது. முழங்கை நீளத் தடிப்பில் சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், உச்சியில் ஒரு வளைவு, அதில் கப்பலில் வந்த வெண்கல மணி. நெருக்கி உட்கார்ந்தால் ஐம்பது பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் புறாக்கள்தான்.

மாப்பிள்ளையின் அப்பா ஒருநாள் கோயிலைப் பார்க்க வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது கோயிலா, கேட்கீப்பர் ரூமா? எங்க ஆளுங்களே நூத்தம்பது பேரு. எங்க குந்த வெப்பீங்க?"

பிலோவின் அப்பா சின்னப்பன் ஆஸ்துமாக்காரர். இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். நடுவில் யார் புகுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

"எல்லாம் பிளான் பண்ணியாச்சுங்க. ஒரு கொறையும் வராது, நான் பொறுப்பு" என்றேன்.

"ஒண்ணு தப்பாப் போனாலும் என்னை மனுசனாப் பாக்க மாட்டீங்க, சொல்ட்டேன்" என்றார். சின்னப்பனிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண அறிவிப்பான ஓலையைப் பெரிய பங்குக் கோயிலில் மூன்று வாரம் வாசித்தார்கள், மூன்று வாரமும் இவர் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள்.

நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். உள்ளே ஐம்பது பேர், பெயர் எழுதியாயிற்று. மற்றவர்களுக்கு வெளியே பந்தல். மாப்பிள்ளை வீட்டு பஸ் ஏரிக்கரைத் திருப்பத்தில் தெரிந்தால் எல்லோருக்கும் எப்படித் தெரிவிப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கோயில் மணியை அடிக்க வேண்டியது. சத்தம் கேட்டதும் ஆரத்தித் தட்டு, மாலை, பன்னீர்ச்செம்பு எல்லாம் அவரவர் இடத்துக்கு வந்துவிடும்.

மணி அடிக்கிறவர் ஆரோக்கியம். வண்டி ஓட்டுகிறவர், கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். கல்யாணத்தன்று காலை கலர் சோடா வந்து சேரவில்லை என்று அவரை உத்திரமேரூருக்கு விரட்டினேன்.

"மணி யாரு அடிப்பா டீச்சர்?"

"நானே அடிச்சிக்கிறேன். கயிறு இழுக்க என்ன டிரெய்னிங்கா எடுக்கணும்?"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நேரமாகிறது என்று வண்டியைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

ஒன்பதரைக்கு பஸ் தெரிந்தது. கயிற்றைப் பிடித்தேன். பள்ளிக்கூட மணி மாதிரி கணகணவென்று அடித்தால் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா? ஒரு அடி. மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். இன்னொரு அடி. மறுபடி பத்து.

பலன் உடனே தெரிந்தது. நாலாபக்கமிருந்தும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் முழங்கால் சேற்றோடு வந்தார்கள். ஒரு பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பெண்கள் அழுதார்கள். (கல்யாணம் என்றால் பெண்கள் அழுவார்கள்தானே!) என் ஏற்பாடு இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று பூரித்துப்போய் இன்னும் நிதானமாக அடித்தேன்.

அப்போது சாமியார் மோட்டார் சைக்கிளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். கையில் சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழ்.

"எங்கம்மா? மூச்சு இருக்கா?"

"யாருக்கு ஃபாதர்?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆரோக்கியம் சோடாப் பெட்டியைத் தொப்பென்று போட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடுங்கினார். "இன்னா டீச்சர் பண்ணிக்கினு கீறீங்க? யாரு செத்துட்டது?"

"யாரும் சாகல. மாப்பிள்ளை வராரு."

"மாப்ளைக்கா சாவு மணி அடிக்கிறீங்க! வேகமா அடிச்சா விசேசம், நிறுத்தி நிறுத்தி அடிச்சா சாவு. சுத்துப்பட்டு எட்டு ஊருக்கும் தெரியுமே!"

அந்த எட்டு ஊரில் என் ஊரான மானாம்பதி இல்லை.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள், ஆஸ்துமாக்காரச் சம்பந்தி போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெண் வீட்டில் இருந்தவர்கள், பஸ் ஏரிக்குள் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு கூட்டம் அழுதுகொண்டு வந்தது, இங்கிருந்து ஒரு கூட்டம் அழுதுகொண்டு போனது. பாதி ஜடை பின்னிய பிலோ பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு முன்னால் ஓடினாள். இரண்டு கூட்டமும் சரியாக நான் போட்ட பந்தலில் முட்டிக்கொண்டன.

கோட்டு போட்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா, எதிரில் மூச்சு வாங்க நின்ற சின்னப்பனைப் பார்த்தார்.

"யோவ், நீ கீறியா?"

"நான் கீறேன். உங்க பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கு இன்னா?"

அவ்வளவுதான். கார்டு அப்படியே சின்னப்பனைக் கட்டிக்கொண்டார். "உன்கிட்ட ஒரு வார்த்தை நல்லபடியாப் பேசாத பூட்டனேன்னு வழியெல்லாம் பேஜாராப் பூட்ச்சியா" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். சின்னப்பனுக்கு அணைப்பில் நிஜமாகவே மூச்சு முட்டியது. இரண்டு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கார்டு கேட்டார். "மணி யாரு அடிச்சது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கழனி வழியாக ஓடினால் மானாம்பதிக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியாது, புடவை புதுசு. வெளியே வந்தேன்.

"நான்தாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருசம் ரயில்வேல இருந்தேம்மா. மணியைத் தப்பா அடிச்சா ரெண்டு வண்டி மோதிக்கும்னு சொல்லுவாங்க. இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்."

முதலில் சிரித்தவள் பிலோதான். பாதி ஜடையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. அன்று மாதா கோயில் வாசலில் அழுதுகொண்டிருந்த ஒரே ஆள் நான்.

தாலி ஏற ஒரு மணி நேரம் தாமதம். துக்கம் கேட்க வந்தவர்களையும் சாப்பிட வைக்க வேண்டியிருந்ததால் இரண்டாவது முறை உலை வைத்தார்கள். என் ஐம்பது பேர் பட்டியலை யாரும் கேட்கவில்லை. எழுபது பேர் உள்ளே ஏறிவிட்டார்கள். கார்டு தன் இடத்தைப் பிலோவின் அத்தைக்குக் கொடுத்துவிட்டுத் தூணில் சாய்ந்தபடி நின்றார். சாமியார் பிரசங்கத்தில், "கல்யாணத்துக்கு முன்னாடியே சாவு மணி அடித்த சபையை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

பிறகு நானும் கல்யாணம் ஆகி ஊர் மாறினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் போன் வந்த நாளிலிருந்து மாப்பிள்ளை அந்தோணி என் குரலைக் கேட்டால் 'ஹலோ' சொல்வதில்லை. "சொல்லுங்க டீச்சர், யாரு செத்துட்டது?" என்பார். பின்னால் பிலோ சிரிக்கிற சத்தம் கேட்கும். அவர்கள் பிள்ளைகளும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் கூப்பிட்டேன். வழக்கம்போலக் கேட்டார். "எங்க அம்மா" என்றேன். முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மூன்று நாள் இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தோணி போனில் "ஹலோ, வணக்கம் டீச்சர்" என்று மரியாதையாகப் பேசினார். எனக்கு அது தாங்கவில்லை. கடைசியில் ஒருநாள், அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னேன்.

"இன்னிக்கு யாரும் சாகல அண்ணா."

அந்தோணி உடனே, "ஏய் பிலோ, நம்ம டீச்சர் திரும்பி வந்துட்டாங்க" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.