ஒரே வியாழக்கிழமையில் இரண்டு மார்புப் படம்

கோரமண்டல்,
12-9-1967.

மதிப்பிற்குரிய மைத்துனர் ராமலிங்கம் அவர்களுக்கு, முன்னாள் ஹவில்தார் துளசிராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் தங்கை சரோஜாவும், தங்கள் தம்பி ராஜப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம். சுகம் என்று வழக்கப்படி எழுதிவிட்டேனே தவிர, நான் சுகமா இல்லையா என்பதில்தான் இப்போது தகராறு. குடியாத்தம் தாலுகா ஆபீஸ் வாசலில் இருபது வருஷமாக மனு எழுதும் தங்களுக்கே இது புரியாவிட்டால் வேறு ஒருவருக்கும் புரியாது. ஆகவே நிதானமாக, முடிந்தால் சாப்பிட்டுவிட்டுப் படிக்கவும்.

விஷயம் ஆண்டர்சன்பேட்டை இன்பராஜிடமிருந்து தொடங்குகிறது. அவனும் நானும் பட்டாளத்தில் பதினோரு வருஷம் ஒரே பாய்லர் ஹவுஸில் இருந்தவர்கள். நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் சுற்றுவது எங்கள் வேலை. மூட்டையைப் பிரித்தால் வெள்ளையாகப் பறக்கும். தண்ணீர் விட்டுப் பிசைந்து குழாயில் அப்புவோம், மிச்சத்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடுவோம், சாப்பாட்டுத் தட்டில் விழுந்தால் ஊதிவிட்டுச் சாப்பிடுவோம். அது கெடுதல் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போன வருஷம் இன்பராஜுக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்து, பட்டாளத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இது அந்தக் கல்நார்த் தூசியால் வந்தது என்று எழுதிக்கொடுத்து, அவனுக்கு ஊனப் பென்ஷன் சாங்ஷன் ஆனது. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் இருமல். தங்கள் தங்கை, "அது மூக்குப்பொடி இருமலுங்க, காலைல ஒரு மட்டை சாயங்காலம் ஒரு மட்டை போட்டா வேற இன்னா வரும்" என்கிறாள். அவள் எந்த டாக்டருக்குப் படித்தாள் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் உடனே பட்டாளத்துப் பென்ஷன் ஆபீஸுக்கு மனுப் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நீர் 1954ல் பட்டாளத்தை விட்டு வெளியேறிய பிறகு பதிமூன்று வருஷமாகத் தங்கச் சுரங்க மில்லில் கல் இடிக்கும் இடத்தில் வேலை பார்ப்பதாகத் தெரிகிறது, ஆகவே தூசி அங்கே உள்ளது, அவர்களைக் கேட்கவும் என்று. சரி என்று சுரங்க டாக்டரிடம் போனேன். அவர் என் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, நீர் பதினோரு வருஷம் கல்நாரில் புரண்டிருக்கிறீர், ஆகவே தூசி அங்கிருந்து வந்தது, அவர்களைக் கேளும் என்றார். நான், "ஐயா, எந்தத் தூசி எந்த ஊர்னு உள்ளாற பேர் எழுதியா கீது" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படம் எடுத்தால் தெரியும் என்று சுரங்க ஆஸ்பத்திரிக்குத் தேதி குறித்து ஓர் ஆர்டர் கொடுத்தார். பட்டாளத்திலிருந்தும் அப்படியே பெங்களூருக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆர்டர் வந்தது. இரண்டு ஆர்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை, காலை பத்து மணி.

வீட்டில் அன்று பெரிய விவாதம். பெங்களூரை விட்டால் பட்டாளம் கை கழுவிவிடும், சுரங்க ஆஸ்பத்திரியை விட்டால் சுரங்கம் கை கழுவிவிடும். ராஜப்பா களி சாப்பிட்டுக்கொண்டே, "இன்னா மாமா இதுக்குப் போய் மண்டைய ஒடச்சிக்கினு. நீங்க பெங்களூர் போங்க. உங்க டோக்கனைக் குடுங்க, நான் போயி நின்னுட்டு வரேன்" என்றான். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் இது புதிதல்ல என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கே அரிசி டிப்போ ஆகட்டும், மருந்து ஜன்னல் ஆகட்டும், நம்பரைக் கூப்பிட்டால் சுரங்கம் கொடுத்த பித்தளை டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த ஆள். முகத்தை யார் பார்க்கிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா என் டோக்கனைக் கொண்டுபோய் என் இருமல் மருந்தை வாங்கி வந்தாள். கம்பவுண்டர் தலை நிமிராமலே, "துளசிராமன், இருமல் எப்படி" என்று கேட்டாராம். அவளும், "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். ஆகவே நான் டோக்கனைக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

பங்காரப்பேட்டையில் வண்டி மாறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. நோயைக் காட்ட வேண்டிய இடத்துக்கு நான் அனுப்பியிருப்பது முப்பது வயது ஆளை. தங்கள் தம்பி ஒரு வேளைக்கு நாலு உருண்டை களி உள்ளே தள்ளுகிறவன், ஒரு முறைகூட இருமி நான் கேட்டதில்லை. நுரையீரல் பளிங்கு மாதிரி இருக்கும், சுரங்க டாக்டர் என் மனுவைக் கிழித்துப் போடுவார். என் நோயை நானே கெடுத்துக்கொண்டேனே என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டேன். எதிரில் இருந்த அம்மாள் குழந்தையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். ராஜப்பாவுக்கு ஆரோக்கியத்தில் குறைவில்லை, ஆனால் சோம்பல் ஏறிவிட்டது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாகக் கோரமண்டல் மேட்டில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வருகிறான், கேட்டால் செயின் லூஸ் என்கிறான். செயினை நானே பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்திலும் ஓடுவதில்லை, கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு விசில் ஊதுகிறான். அதையும் பாதியில் வேறு ஒருவனிடம் கொடுத்துவிடுகிறான். அண்ணன் என்ற முறையில் கண்டித்து ஒரு வரி எழுதவும்.

பெங்களூரில் பட்டாளத்து டாக்டர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஹவில்தார், உமது மார்பு சுத்தமாக இருக்கிறது, பொடியை விட்டால் இருமல் போய்விடும். ஆனால் கல்நார் பல வருஷம் கழித்தும் தலைகாட்டும், ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போம்" என்றார். எனக்கு வருத்தமாகிவிட்டது. பதினோரு வருஷம் அதே தூசியைத் தின்றவனுக்கு ஒரு புள்ளி கூடவா இருக்காது. ஐயா இன்னொரு முறை பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு, போய் வாரும் என்றார்.

அதோடு முடிந்தது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, நேற்று சுரங்க ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் வந்தது. டோக்கன் 4172, துளசிராமன், இரண்டு நுரையீரலிலும் கல்தூசி நோய், இரண்டாம் நிலை, இனி ஒரு நாள்கூடத் தூசியில் வேலை செய்யலாகாது, நஷ்டஈட்டுக்கு மனுச் செய்யவும். படித்ததும் அரை வீசை ஜாங்கிரி வாங்கி லைன் முழுவதும் கொடுத்தேன். ராஜப்பா இரண்டைத் தின்றுவிட்டு, "பாத்தீங்களா மாமா, என் கை ராசி" என்றான். பட்டாளம் இல்லை என்றது, சுரங்கம் உண்டு என்கிறது. ஒரே மனிதன், ஒரே வியாழக்கிழமை, ஒரே பத்து மணி. இது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. தூசி ரயிலேறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாக இருக்குமோ என்று பார்வதம்மா சொல்கிறாள். டோக்கன் என்னுடையது, ஆகவே படமும் என்னுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்பராஜிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் மூச்சு வாங்கிவிட்டு, சம்பந்தமே இல்லாமல், "ராஜப்பா எத்தினி வருஷமா சுரங்கத்துக்குள்ள மிஷின் புடிச்சி கல்லு தொளைக்கிறான்" என்று கேட்டான். பன்னிரண்டு வருஷம் என்றேன். ஜாங்கிரியைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டான். நோயாளிக்குப் புத்தி ஒரு இடத்தில் நிற்காது, பாவம்.

ஆகவே தாங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பெங்களூர்க் காகிதத்தை மறைத்துச் சுரங்கத்தில் நஷ்டஈடு கேட்பதா, அல்லது சுரங்கக் காகிதத்தை பெங்களூருக்கு அனுப்பி, உமது மிஷின் சரியில்லை என்று பட்டாளத்திலும் கேட்பதா, அல்லது இரண்டிலும் கேட்கலாமா. தங்கள் பாணியில் "கனம் பொருந்திய" என்று தொடங்கி ஒரு மனு எழுதி அனுப்பவும். தங்கள் சம்சாரத்துக்கு எங்கள் விசாரிப்பு. குழந்தைகள் நீண்ட ஆயுளும் நிறைந்த படிப்புமாக இருக்கட்டும். தங்கள் வீட்டுப் பசு கன்று போட்டதும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
துளசிராமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதைத் தங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "இங்க படம் புடிக்கிற பொட்டிக்கு முன்னால சட்டையக் கழட்டிக்கினு நின்னது யாருங்க" என்றாள். ராஜப்பா என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. முறம் கவிழ்ந்தது கூடத் தெரியாமல் அவள் சுரங்கத்து ஷாஃப்ட் பக்கம் ஓடிவிட்டாள். அவனுக்கு இன்று இரண்டாம் ஷிப்ட், ஆட்களை அடியில் இறக்கும் கேஜ் இரண்டரைக்கு இறங்கும், இப்போது ஒன்று ஐம்பது. பதினெட்டு வயதில் தாங்கள் அனுப்பிய பையனை, அடியில்தான் கூலி அதிகம் என்று சிபாரிசு பிடித்துக் கேஜில் ஏற்றியவன் நான். அவன் நோய்க்கு நேற்று ஜாங்கிரி கொடுத்தவனும் நான்தான். இன்று அவனை இறங்க விடமாட்டேன். நாளைக் காலை அவனை அவன் டோக்கனோடு டாக்டரிடம் நிறுத்தி, ஆள் மாறி நின்றதை ஒப்புக்கொள்ளப் போகிறேன், அதற்கு என் வேலை போனாலும் போகட்டும். மனு எனக்கு வேண்டாம், அவன் பெயரில் எழுதவும். எழுதி அனுப்ப வேண்டாம், கையோடு எடுத்துக்கொண்டு வரவும். பார்வதம்மா இதைத் தபாலில் போடுவாள். கடிதத்தின் முதலில் மூன்று பேரும் சுகம் என்று எழுதியிருக்கிறேன், திருத்த நேரமில்லை, ராஜப்பாவின் பெயரைத் தாங்களே அடித்துவிட்டுப் படிக்கவும்.