கதவைக் கழற்றியவனின் மனக்குறை

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நீயும் அத்தானும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். நான் சுகமில்லாததற்குக் காரணம் இருவர். ஒருத்தி உன் மருமகள், பத்தாம் வகுப்புப் படிக்கிறாளே என் மகள், அவள்தான். இன்னொருத்தி நீ.

போன வாரம் வேலை முடிந்து வந்தவன், "கணக்குப் பரீட்சை என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். விருட்டென்று எழுந்து அறைக்குள் போனாள். படாரென்று ஒரு சத்தம்; சுவரில் மாட்டியிருந்த படமெல்லாம் ஆடிப்போயிற்று. ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு செய்து மாட்டிய தச்சன் நான். நான் செய்த கதவை என் மூஞ்சியிலேயே அறைவதா? திருப்புளியை எடுத்தேன், கதவைக் கழற்றிக் கூடத்தில் சாத்தி வைத்துவிட்டேன். "அடுத்து சுவரா?" என்று கேட்டுவிட்டு உன் தம்பி பொண்டாட்டி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகள் அழுதிருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் செய்யவில்லை அக்கா. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "வாங்கப்பா, உள்ள வந்து உட்காருங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். என் வீட்டிலேயே நான் விருந்தாளி மாதிரி பம்மிப் பம்மி நடந்தேன்.

பொறுக்க முடியாமல்தான் உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னே? "எதிரெதிரே உட்காருங்க. ஒருத்தர் பேசி முடிக்கிறவரைக்கும் மத்தவர் வாயைத் திறக்கக் கூடாது." சொல்றது லேசு. சரின்னு உட்கார்ந்தேன். முதல்ல அவ பேசினா.

"போன தடவை நான் ஃபெயிலானதை, நீங்க மரம் வாங்குற பலகைக் கடைக்காரர்கிட்ட சொல்லிருக்கீங்க. அவர் பொண்ணு என் வகுப்புப்பா. மறுநாள் நான் உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. நீங்க திட்டுங்க, வேண்டாங்கல. வீட்டுக்குள்ள திட்டுங்க."

எனக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்துருச்சு. ஆனா உன் சட்டம் இருக்கே, முழுங்கினேன். என் முறை வந்தப்போ உள்ள ஒண்ணுமே மிச்சமில்ல. "சொன்னது தப்புதாம்மா"ன்னு வந்துச்சு. யார் சொல்லச் சொன்னா என்னை? எல்லாம் உன்னால.

இப்போ ஒப்பந்தம் வேற. அவ விஷயத்தை நான் வெளியில பேசக் கூடாது. கோபம் வந்தா அவ "அப்புறம் பேசலாம்பா"ன்னு சொல்லிட்டுத்தான் எழுந்து போகணும். கணக்குக்கு டீச்சர்கிட்ட தானே பேசி ஏற்பாடும் பண்ணிட்டா. பெத்தவன் கத்தறதுக்குன்னு இந்த வீட்டுல இனி என்ன இருக்கு? சொல்லு. நாளைக்குக் கதவைத் திரும்ப மாட்டித் தரணுமாம், அதுவும் கூலி இல்லாம.

இனி யோசனை சொல்வதானால் அவளுக்கும் ஒரு வார்த்தை சொல். அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னை நிறையப் பேச விடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
மனம் ஆறாத
உன் தம்பி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் கதவை மாட்டினேன். கையை எடுத்ததும் அதுவே போய்ப் படாரென்று சாத்திக்கொண்டது. கீல் கோணல். முதலில் மாட்டியதும் நான்தான். "நான் மெதுவாத்தான் சாத்தினேன்" என்று அவள் அன்றைக்கே சொன்னாளாம். என் கத்தலில் எனக்குக் கேட்கவில்லையாம். ஆகையால் மேலே கோபமாக எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, சுகம் விசாரித்ததை மட்டும் படிக்கவும்.