ரெண்டு ரயிலும் ஒரு செல்வியும்

பொறாமைப்படுவதில் கவ்வாத்து அண்ணனை அடித்துக்கொள்ள ஊவா மாகாணத்திலேயே ஆள் கிடையாது. தேயிலைச் செடியின் கிளைகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதனால் அந்தப் பெயர். மனைவி செல்வி பூனைக்குச் சோறு வைத்தால்கூட, "எனக்கு முந்தி அதுக்கா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நமுனுகுல பக்கம், ரயில் ஓடாத தோட்டத்தில் பிறந்தவர். போன வருஷம்தான் தெமோதரைக்கு வந்து, தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் குடியேறினார். வந்த வாரமே வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. செல்வி கொழுந்து பறிக்கும் மலைக்கு மேலே ஒரு ரயில் போகும். வெள்ளைக்காரர்கள் கதவோரம் தொங்கிக்கொண்டு கை காட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு ரயில் போகும். அதிலும் கை காட்டுவார்கள்.

"ஒரு ரயில்னா பொறுத்துக்கலாம் தங்கச்சி. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன்னா நான் என்னா செய்ய?" என்று என்னிடம் புலம்பினார். செல்வியை வேலைக்கே போகவேண்டாம் என்றார். அவள் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். "எங்கம்மா வீட்டுக்குப் போறேன்க்கா. இனி வரமாட்டேன்" என்றாள் என்னிடம்.

நான் குறுக்கே விழுந்தேன். "அண்ணே, அது ரெண்டு ரயில் இல்ல. ஸ்டேஷன விட்டுப் போற ரயிலுதான் மலையைச் சுத்திக்கிட்டு, அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்கு வருது."

அண்ணன் யோசித்தார். "அப்ப ஒரே பய ரெண்டு தரம் கை காட்டுறானா?"

இது பேசித் தீராது. செல்வியை இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு, மறுநாள் அண்ணனை ரயிலில் ஏற்றி நானும் ஏறினேன். வளைந்து கீழே இறங்கியதும் தேயிலைக்குள் செல்வி தெரிந்தாள். அண்ணன் கதவோரம் தொங்கிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டி, "செல்வி! ஏ புள்ள! இங்க பாரு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் நிமிரவே இல்லை. கை அதுபாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினோம். வீடு திரும்பியதும் செல்வியிடம், "நாளையிலருந்து யாரு கை காட்டினாலும் திருப்பிக் காட்டு புள்ள. காட்டாட்டி எம்புட்டு வலிக்குது தெரியுமா?" என்றார்.

மூட்டை பிரிந்தது. செல்வி இப்போது மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் கை காட்டுகிறாள். எனக்குத்தான் பொறாமை தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். என்னை எவன் பார்த்தாலும் நிம்மதியாகத் தூங்குவார்.

அண்ணனைக் கோமாளி என்று லயமே சிரிக்கிறது. ஒரே ஒரு நாள் எனக்காக ஒருத்தர் அப்படித் தொங்கிக்கொண்டு கத்தியிருந்தால், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்திருப்பேன்.