இருபத்தொரு முதுகுகள்

ஒஸ்லோ,
ஞாயிற்றுக்கிழமை

வடநோர்வே, ஹம்மர்பெஸ்டில் வசிக்கும் மதிப்புக்குரிய மச்சான் பரமநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கமலாதேவியின் கணவன் சிவானந்தன் எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டார் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்றும் கோயிலில் அர்ச்சனை செய்வித்தேன். என் பெயருக்குச் செய்விக்கவில்லை. செய்வித்தும் பிரயோசனமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன். இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு ஒன்பது தரம் போன் எடுத்தேன். ஒன்பது தரமும் கமலாதான் எடுத்தாள். "எத்தினையாம் இலக்கம்?" என்று கேட்பாள். நான் ஒரு இலக்கம் சொல்வேன். "எப்பிடித் தெரியும்?" என்பாள். நான் இன்னொரு இலக்கம் சொல்வேன். "இது லொத்தர் இல்லை" என்று வைத்துவிடுவாள்.

அவள் உங்களிடம் என்ன சொல்லிக்கொண்டு வந்து இறங்கினாளோ தெரியாது, ஆகையால் நடந்ததை நான் முதலிலிருந்து சொல்கிறேன். மதுரையிலிருந்து ராகவி என்றொரு சிற்பி, முப்பத்தைந்து வயது வரும், மூன்று மாதம் தங்கி வேலை செய்ய இங்கே வந்திருக்கிறார். உடம்பு, ஆண், பெண் என்று இதுகளைப் பற்றித்தான் அவருடைய வேலை முழுவதும். கோயிலுக்கு வரும் பெண்களோடு கதைக்க வேண்டும் என்று நிர்வாகசபைச் செயலாளரான என்னிடம் வந்து அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அந்த அரை மணித்தியாலமும் நான் அன்னதானத்துக்குப் பருப்புக் காணுமோ போதாதோ என்ற யோசனையில் நின்றேன். பிறகு மைக்கை எடுத்து, "இந்தியாவிலையிருந்து வந்த தங்கச்சிக்கு எங்கடை பெண்கள் எல்லாரும் ஒத்துழைக்க வேணும்" என்று அறிவித்ததும் நான்தான். ஓம் மச்சான், என்ரை வாயாலைதான்.

ஒத்துழைத்தார்கள். இந்த நகரத்தைக் கூட்டித் துடைத்துச் சீவித்த இருபத்தொரு பேரின் வெறும் முதுகில் பிளாஸ்டர் பூசி அச்செடுத்து, வெள்ளைவெளேரென்று வார்த்து, ஆற்றங்கரையில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தில் வரிசையாகச் சுவரில் மாட்டியிருக்கிறார். பெயரில்லை, இலக்கம் மட்டும். அந்த ஆள் வெறுங்காலோடு நின்றால் முதுகு எந்த உயரத்தில் வருமோ, சரியாக அந்த உயரத்தில். அதில் ஒன்று தன்னுடையது என்று கமலா தோசை வார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குப் புரைக்கேறிப்போயிற்று. "உடனை கழட்டச் சொல்லு" என்றேன். "எது என்ரையெண்டு தெரிஞ்சால் நீங்களே போய்க் கழட்டுங்கோ" என்றாள். முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தினவனுக்குத் தெரியாதோ என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

உள்ளே போனேன். எல்லாம் எனக்கு ஒரே முதுகாகத் தெரிந்தது. அங்கையும் இஞ்சையும் நடந்து பார்த்தேன். நாற்பது பேர் அளவில் நின்றார்கள், திரும்பிப் போக மானம் விடவில்லை. கடைசியில், கொஞ்சம் அகலமாய்க் கூனலாய் இருந்த பதினோராம் இலக்கத்தின் முன்னால் நின்று, "இது என்ரை மனுசி, கழட்டுங்கோ!" என்று தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் சத்தம் போட்டேன். வாசலில் நின்ற எலியாஸ் என்ற ஊழியர் மெல்ல வந்து, "மன்னிக்க வேண்டும், அது நான்" என்றார். இருபது வருசம் ரயில் பெட்டி கழுவினவராம். நான் நம்பவில்லை. மனிசன் போட்டிருந்த சேட்டைக் கழட்டிவிட்டு வெறும் மேலோடு அதற்குப் பக்கத்தில் திரும்பி நின்றார். அச்சொட்டாய் அவரேதான். கண்காட்சியில் இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

அந்த ராகவியிடம் போய், "ஏன் பிள்ளை, இந்தியாவிலை ஆருக்கும் முதுகு இல்லையோ, இஞ்சை வந்து எடுக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அவரை வேணும்னுதான் சார் வச்சேன். குனிஞ்சு குனிஞ்சு தேஞ்ச முதுகைப் பார்த்ததும் பொம்பளைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க பாருங்க, அதைத்தான் நான் செஞ்சு காட்டுறேன்" என்றார். வீட்டுக்கு வந்தால் கமலா பெட்டி அடுக்கி வைத்திருந்தாள். ஆரோ அதற்குள் போனில் சொல்லிவிட்டார்கள். "என்னை எலியாஸ் எண்டு நினைச்சோ இவ்வளவு காலமும் இருந்தனீங்கள்? என்ரை இலக்கத்தைக் கண்டுபிடிச்சிட்டுப் போன் எடுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் விமானம் ஏறினாள்.

திராமன் நகரிலிருந்து மகள் டிலக்சி போன் எடுத்து, "அப்பா, உங்களுக்கு அம்மாவின்ரை முதுகு தெரியாதோ?" என்று அழுகிறாள். தெரியாதுதான். என்ன செய்யச் சொல்கிறீர்கள் மச்சான்? அவள் காலமை நாலரைக்கு வேலைக்குப் போவாள், நான் தபாலில் பின்னேர வேலை, வீட்டில் ஆளையாள் காண்கிறதே சனி ஞாயிறுதான், அதற்கு மேல் லைற்றை... சரி, அது அண்ணன்காரனுக்கு எழுதுகிற விசயமில்லை. "முதுகு நோகுது, இந்த எண்ணெயை ஒருக்கால் பூசிவிடுங்கோ" என்று கேட்பாள். செய்தி பார்த்துக்கொண்டு, "பிள்ளையிட்டைக் கேள்" என்றிருக்கிறேன். பிள்ளை கலியாணம் கட்டிப் போய் எட்டு வருசம். அதற்குப் பிறகு ஆர் பூசினது என்று நான் கேட்டதுமில்லை.

கோயிலில் தலைகாட்ட முடியவில்லை. நிர்வாகசபையில் ஏழு பேரின் மனைவிமார் அந்தச் சுவரில் இருக்கிறார்கள். என்னைப்போல் மாட்டுப்பட்டுப் போவோமோ என்ற பயத்தில் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகிறாரில்லை. ஆனால் என்னைக் கண்டால் மட்டும், "எலியாஸ் சுகமோ?" என்று விசாரிக்கிறார்கள். ஆகவே மச்சான், மூத்தவர் என்ற முறையில் அவளுக்கு நல்ல புத்தி சொல்லி அடுத்த விமானத்தில் ஏற்றி விடுங்கள். முதுகைக் கழட்டச் சொல்லி அவள் கையெழுத்தில் ஒரு துண்டும் வாங்கி அனுப்புங்கள்.

அந்தப் பனியில் உங்கள் கால் வழுக்காமலும், கதவைத் திறந்தவுடன் நல்ல முகம் காணும்படியும் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு இப்போது அப்படியொரு முகம் இல்லை.

இப்படிக்கு,
வெறும் வீட்டிலிருந்து,
சிவானந்தன்

பிற்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. முத்திரை இல்லாததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. எங்கள் குசினிக் கதவுநிலையில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும். "ஆர் இதிலை ஊத்தை பிரட்டுறது?" என்று ஏசி ஏசி மூன்று தரம் வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறேன். இன்று நாலாந்தரம் அடிப்பதற்காக ஸ்ட்ரோம்மன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெயின்ற் பேணி வாங்கிவந்து, கறைக்குக் கிட்டப் போனபோது எண்ணெய் மணத்தது. கை எட்டாத இடத்தை அவள் இதில்தான் தேய்த்திருக்கிறாள். அளந்து பார்த்தேன். நிலத்திலிருந்து நூற்றுப் பதினெட்டுச் சென்ரிமீற்றர்.

அளவுநாடாவோடு கண்காட்சிக்குப் போனேன். மற்ற முனையை எலியாஸ் பிடித்தார். பதினாறாம் இலக்கத்தில், சரியாக அந்த உயரத்தில், முதுகு நடுவில் விரல் நீளத்துக்குத் தோல் தடித்துக் கோடாகக் கிடக்கிறது. ராகவி பார்த்துக்கொண்டு நின்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன் மச்சான். இந்த முறை ஒருத்தரும் கைதட்டவில்லை.

வெளியில் வந்து உடனே போன் எடுத்தேன். "பதினாறு" என்றேன். "எப்பிடித் தெரியும்?" என்றாள். கதவுநிலையைச் சொன்னேன். பிறகு, "அப்ப அந்தக் கதவுநிலைக்குத்தான் என்னைத் தெரிஞ்சிருக்கு. அதோடையே இருங்கோ" என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. அவளை அனுப்ப வேண்டாம், முதுகைக் கழட்டவும் வேண்டாம். அந்தப் பெயின்ற் பேணியை நான் இன்னும் திறக்கவில்லை, இனித் திறக்கமாட்டேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கோ.