இரண்டாவது அட்மின்

வீட்டு இணையத்துக்குத் தானே அதிகாரி என்று நிலைநாட்டாமல் ஓய்வதில்லை என அவர் முடிவு செய்தது ஒரு சனிக்கிழமை காலை. அலுவலகங்களுக்கு ஃபயர்வால் பொருத்திக் கொடுப்பதுதான் அவர் தொழில். சொந்த வீட்டிலோ, விருந்தாளியாக வந்த மச்சான் சோபாவில் சாய்ந்து ஓயாமல் படம் பார்த்ததில் இணையம் நத்தையாகியிருந்தது.

பழைய ஃபயர்வால் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து செருப்பு அலமாரி மேல் வைத்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஃபயர்வால்னா, அடுப்புக்குப் பின்னாடி இருக்கிற சுவரா?”

“இது ஆளைப் பார்த்து வழிவிடுற சுவர். பேரும் பாஸ்வேர்டும் சரியா இருந்தா உள்ளே விடும். உள்ளே போனாலும் ஆளுக்கேத்த அனுமதிதான். உங்க அண்ணனுக்கு மெயில் மட்டும்.”

சோபாவில் படம் நின்றது. மச்சான் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“இந்த அனுமதியை யாரு மாத்தலாம்?” என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவர் தொழிலைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அட்மின். அதாவது நான்.”

“நீங்க பாஸ்வேர்டை மறந்துட்டா?”

“அதுக்குத்தான் ஆபீஸ்ல ரெண்டாவது அட்மின்னு ஒருத்தர் இருப்பார்.”

“இங்கே யாரு அந்த ஒருத்தர்?”

கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மச்சான் இருந்தார். மனைவி இருந்தாள். மனைவியையே இரண்டாவது அட்மின் ஆக்கினார்.

“ஒரு அட்மின் இன்னொரு அட்மினை மாத்தலாமா?”

“தாராளமா,” என்று எந்தப் பொத்தான் என்பதையும் காட்டினார்.

மறுநாள் மாலை கால்பந்து இறுதி ஆட்டம். கணினியைத் திறந்தால், மெயிலைத் தவிர எதற்கும் அனுமதி இல்லை. அட்மினாக நுழையப் பார்த்தார். அப்படி ஓர் அட்மினே கிடையாது என்றது பெட்டி. மச்சானின் போனில் மட்டும் படம் தண்ணீராய் ஓடியது.

“என்னம்மா பண்ணினே?”

“நீங்க சொல்லிக் கொடுத்தது புரிஞ்சுதான்னு செஞ்சு பார்த்தேன். சரியா வந்திருக்கா?”

“சரியாத்தான் வந்திருக்கு. பழையபடி மாத்து.”

“அதை நீங்க சொல்லித் தரலையே.”

“அட்மினா உள்ளே விட்டாத்தானே சொல்லித் தர முடியும்?”

“ஆமா இல்ல,” என்று தாடையில் கைவைத்தாள். நிஜமாகவே யோசிக்கிறாளோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

மச்சான் சோபாவில் சற்று நகர்ந்து இடம்விட்டார். “இப்படி உட்காருங்க மாப்பிள்ளை. இந்தப் படம் முடிஞ்சதும் ஆட்டத்தைப் போடுறேன்.”

அவர் உட்கார்ந்தார். படம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.